மினுக்கியின் கன்னத்தில் மூன்று கோடுகள்

கரடிப்பாறைக் காட்டில் ஒரு குளம் இருந்தது. குளக்கரையில் ஒரு நாவல் மரம். அந்த மரத்தின் உச்சிக் கிளையில் தினமும் காலையில் மினுக்கி என்ற பெண்குரங்கு உட்கார்ந்து தன் முகத்தைக் காட்டிக்கொண்டிருப்பாள்.

அழகு காட்ட அல்ல. அதுதான் அவள் வேலை. முகக்காவல் என்று அதற்குப் பெயர். தண்ணீர் குடிக்க இறங்கும் முன் கூட்டத்துக் குரங்குகள் நாற்பது பேரும் அண்ணாந்து அவள் முகத்தைப் பார்ப்பார்கள். முகம் வழவழவென்று இருந்தால், சிறுத்தை இல்லை, பயப்படாமல் குடிக்கலாம். முகம் சுருங்கினால், சிறுத்தை வருகிறது, ஏறு மரத்தில்!

வாய்விட்டுக் கத்தினால் ஆகாதா என்று நீங்கள் கேட்பீர்கள். முன்பு கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் ஒருவர் கத்தினால் நாற்பது பேரும் சேர்ந்து கத்துவார்கள். அந்தக் கூச்சலில் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் இரண்டு பேர் நேரே சிறுத்தையின் மடியிலேயே போய் உட்கார்ந்துவிட்டார்கள். அன்றோடு கத்துவதை விட்டார்கள். முகம் மட்டும்தான் என்று ஏற்பாடாயிற்று.

மினுக்கியின் முகம் அந்த வேலைக்கென்றே செய்தது போல இருக்கும். ஒரு சுருக்கம் கிடையாது, ஒரு மடிப்பு கிடையாது. அந்த முகத்துக்காக நாவல் மரத்தில் முதலில் பழுக்கும் கொத்து அவளுக்குத்தான். பழம்கூடப் பெரிதில்லை. நாற்பது பேர் தினமும் தன்னை அண்ணாந்து பார்க்கிறார்களே, அந்தப் பெருமைதான் அவளுக்கு வயிற்றை நிரப்பியது.

இப்படி இருக்கையில் பக்கத்து அத்தி மரத்துக்குப் பழந்தின்னி வௌவால்கள் குடிவந்தன. ஐந்து காட்டு வம்பும் அவற்றுக்கு அத்துப்படி. எந்த யானை எந்த யானையோடு பேசுவதில்லை, எந்த மான் யாருடைய கொம்பைப் பார்த்து வயிறெரிகிறது, எல்லாம் சொல்லும். மினுக்கிக்குக் காது நீண்டுவிட்டது. விடிய விடியக் கேட்பாள். விடிவதற்குச் சற்று முன் அப்படியே கிளையில் குப்புற விழுந்து, வலது கன்னத்தை மரப்பட்டையில் அழுத்திக்கொண்டு கோழித்தூக்கம் போடுவாள்.

"அக்கா, நேரத்தோட தூங்கு. அதுவும் மூஞ்சியை மரத்துல அழுத்தாம தூங்கு!" என்பாள் அவள் தங்கை நெல்லி. நெல்லிக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. தூக்கத்தின் அருமை அவளுக்குத் தெரியும்.

"உனக்கென்னடி தெரியும்! கரடி வீட்டுல பெண் பார்க்க வர்றாங்களாம், பாதிக் கதையில எப்படித் தூங்குறது?" என்பாள் மினுக்கி.

சில வாரங்களில் வந்தது வினை. ஒருநாள் காலை, நெற்றியிலிருந்து தாடைவரை மூன்று கோடுகள்! மரப்பட்டையை அப்படியே முகத்தில் பதித்தது போல இருந்தது. அது தெரியாமல் மினுக்கி உச்சியில் உட்கார்ந்து பெருமையாகக் கீழே பார்த்தாள். கீழே நாற்பது பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். அடுத்த நொடி நாற்பது பேரும் மரத்தில்!

தலைவர் கட்டைவாலர் மூச்சு வாங்க மேலே வந்தார்.

"சிறுத்தை எங்கே?"

"சிறுத்தையா? இல்லீங்களே!"

"அப்புறம் எதுக்கு மூஞ்சியைச் சுளிச்சே?"

"சுளிக்கலீங்க ஐயா! இது தூங்கி எழுந்த மூஞ்சி!"

முதல் நாள் மதியத்துக்குள் கோடுகள் மறைந்தன. அடுத்த வாரம் மாலைவரை இருந்தன. அதற்கடுத்த வாரம் போகவே இல்லை. கூட்டம் தண்ணீருக்கு இறங்குவதும் அவள் முகத்தைப் பார்த்துத் தெறித்து ஓடுவதுமாக இருந்தது. தாகத்தில் எல்லாருக்கும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

கட்டைவாலர் சொல்லிவிட்டார்: "மூணு நாள் பார்ப்பேன். அதுக்குள்ள மூஞ்சி சரியாகலேன்னா முகக்காவல் சப்பைமூக்கிக்குப் போயிடும்!"

சப்பைமூக்கிக்கா! மினுக்கிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் வௌவால் கதையை விட மட்டும் மனம் வரவில்லை. வேறு வழி தேடினாள்.

முதல் நாள் மதியம் கிளையில் மல்லாந்து படுத்துப் பார்த்தாள். முகத்தில் எதுவும் அழுந்தவில்லை, உண்மைதான். ஆனால் தூக்கத்தில் உருண்டு, கீழே குட்டித்தூக்கம் போட்டுக்கொண்டிருந்த கட்டைவாலரின் தொப்பையில் தொப்பென்று விழுந்தாள். 'தூங்கினால்தானே கோடு விழும்?' என்று இரண்டாம் நாள் தூங்கவே இல்லை. கண்ணுக்குக் கீழே இரண்டு அத்திக்காய் தொங்கின.

அப்போதுதான் உடும்பார் வந்து சேர்ந்தார். சிறுத்தை தின்று போட்ட மிச்சத்தைத் தின்று உடம்பு வளர்ப்பவர் அவர். குரங்குகள் உஷாராக இருந்ததால் சிறுத்தைக்கு இரை இல்லை, இவருக்கு மிச்சமும் இல்லை.

"மினுக்கியம்மா, உங்க கவலை எனக்குத் தெரியும். என்கிட்ட மருந்து இருக்கு!"

மினுக்கி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க தோலே காய்ஞ்ச வாழைமட்டை மாதிரி இருக்கே?"

"அதைத்தாம்மா அனுபவம்னு சொல்றது! கருவேலம் பிசினைக் குழைச்சு, காடை முட்டையைச் சேர்த்துப் பூசிட்டா ஒரு கோடு தெரியாது. முட்டை மட்டும் நீங்க கொண்டாங்க. ஒரு பத்து போதும்."

மினுக்கி பத்து முட்டை தேடிக் கொண்டுவந்தாள். உடும்பார் வெள்ளைக்கருவைப் பிசினில் ஊற்றினார். மஞ்சள்கருவைத் தன் வாயில் ஊற்றிக்கொண்டார்.

"அது எதுக்கு?"

"மஞ்சள் மருந்துக்கு ஆகாதும்மா. எங்கேயாவது போட்டாகணுமே!"

மூன்றாம் நாள் விடிந்ததும் உடும்பார் நாவல் மரத்தில் ஏறி அவள் முகம் முழுக்க மொழுக்மொழுக்கென்று பூசினார். "பேசக் கூடாது! சிரிக்கக் கூடாது! காயட்டும்!" என்றார். காய்ந்தது. மினுக்கி குனிந்து குளத்தில் தன் நிழலைப் பார்த்தாள். அடடா, உரித்த முட்டை போல ஒரு முகம்! அவளுக்குச் சந்தோஷத்தில் சிரிக்க வேண்டும் போலிருந்தது. சிரிப்பு வரவில்லை. அது அவளுக்கு அப்போது ஒரு குறையாகத் தெரியவில்லை.

கூட்டம் வந்தது. அண்ணாந்து பார்த்தது.

"அக்கா மூஞ்சி இன்னைக்குத்தான் பழையபடி இருக்கு!" என்று நெல்லி கூவினாள். குழந்தையை மார்பில் அணைத்துக்கொண்டு முதல் ஆளாகத் தண்ணீரில் வாய் வைத்தாள். மூன்று வாரத் தாகம். நாற்பது பேரும் வரிசையாகக் குனிந்து உறிஞ்சினார்கள். ஒருவரும் நிமிரவில்லை.

மினுக்கி கோரைப்புல் பக்கம் பார்த்தாள். புல்லுக்குள் உடும்பாரின் வால் தெரிந்தது. அதன் பக்கத்தில் இரண்டு காதுகள். காதுகளுக்குப் பின்னால் புள்ளி புள்ளியாக ஒரு முதுகு.

சிறுத்தை!

மினுக்கி முகத்தைச் சுளித்தாள். முகம் அசையவில்லை. முழுப் பலத்தோடு சுளித்தாள். ஊஹூம்! பிசின் பிடித்த பிடியை விடவில்லை. கத்த வாயைத் திறந்தாள். வாயும் ஒட்டிக் கிடந்தது. "ம்ம்ம்ம்!" என்று மட்டும் சத்தம் வந்தது.

நெல்லி நிமிர்ந்து பார்த்தாள். முகம் வழவழவென்று இருந்தது. "பாட்டு வேற பாடுறா!" என்று சிரித்துவிட்டு மறுபடி குனிந்தாள். குழந்தை அவள் வயிற்றைப் பற்றிக்கொண்டு தொங்கியது. சிறுத்தை ஓர் அடி முன்னால் வைத்தது.

முகம் போனால் என்ன? உடம்பில் இன்னொரு பக்கம் இருக்கிறதே!

மினுக்கி நாவல் காய் ஒன்றைப் பறித்துக் கட்டைவாலரின் மண்டையில் எறிந்தாள். அவர் அண்ணாந்தார். அவள் சட்டென்று திரும்பிக்கொண்டு, தன் சிவந்த பின்புறத்தை அவருக்கு நேராகத் தூக்கிக் காட்டி, இரண்டு கையாலும் பட் பட்டென்று தட்டினாள்.

அந்தக் கூட்டத்தில் தலைவருக்கு அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது.

"என்ன திமிர்டி உனக்கு!" என்று கட்டைவாலர் பாய்ந்து மரத்தில் ஏறினார். "தலைவருக்கே காட்டுறாளா? விடாதே, பிடி!" என்று மற்றவர்களும் ஏறினார்கள். "அக்காவுக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சு!" என்று அழுதுகொண்டே நெல்லியும் குழந்தையோடு ஏறினாள். கரையில் ஒரு குட்டிகூட மிச்சமில்லை.

சிறுத்தை பாய்ந்தது. சேற்றில் மூக்கு குத்தி விழுந்தது.

மரத்தில் மினுக்கியை அறையக் கட்டைவாலர் ஓங்கிய கை அப்படியே நின்றது. கீழே பார்த்தார். மேலே பார்த்தார். "உன்னை அடிக்கிறதா கும்பிடறதான்னே தெரியலையேம்மா!" என்றார்.

கீழே சிறுத்தை சேற்றைத் துப்பிக்கொண்டே உடும்பாரிடம் சீறியது. "மூஞ்சியை ஒட்டிட்டேன், இனி ஒருத்தனுக்கும் தகவல் போகாதுன்னு சொன்னியே!"

"மூஞ்சியைத்தான் ஒட்டினேன் சாமி! பின்பக்கத்தை ஒட்ட மறந்துட்டேன்!"

"இன்னைக்கு நீதான்டா எனக்குக் காலைப் பலகாரம்!"

உடும்பார் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிக் கரையான் புற்றுக்குள் நுழைந்தார். சிறுத்தை வாசலிலேயே உட்கார்ந்துகொண்டது. பொழுது சாயும்வரை அது எழுந்திருக்கவில்லை. உள்ளே கரையான்கள் உடும்பாரின் அனுபவத்தைக் கடித்துப் பார்த்தன.

சிறுத்தை போன பிறகு நெல்லி அக்காவின் முகத்தைக் குளத்தில் ஊறவைத்துப் பிசினை உரித்தாள். புருவமும் கூடவே வந்துவிட்டது. வாய் திறந்ததும் மினுக்கி ஓவென்று அழுதாள்.

"வேலை போயிடுமேன்னு பயந்தேன்டி. உன்னையும் குழந்தையையும் பறிகொடுத்திருப்பேனே!"

"அழுதது போதும். அழுதா கண்ணு வேற வீங்கும். வந்து தூங்கு!" என்றாள் நெல்லி.

அன்று நன்றாக இருட்டியதும் வௌவால்கள் கூப்பிட்டன. "மினுக்கி, கரடிப் பொண்ணு மாப்பிள்ளையை என்ன சொல்லிட்டா தெரியுமா?" மினுக்கிக்குக் காது துடித்தது. அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, முதுகை அடிமரத்தில் சாய்த்து, முகத்தை வானத்துக்குக் காட்டிக் கண்ணை மூடினாள். உருண்டு விழாமலிருக்க நெல்லி அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். கட்டைவாலர் மட்டும் முன்னெச்சரிக்கையாக வேறு மரத்துக்குக் கீழே படுத்தார்.

மழை தொடங்குவதற்குள் புருவம் முளைத்தது, கண்ணுக்குக் கீழே தொங்கிய அத்திக்காய்கள் வற்றின, மூன்று கோடுகளில் இரண்டு மறைந்தன. மூன்றாவது கோடு மட்டும் போகவே இல்லை. கட்டைவாலர் கூட்டத்தைக் கூட்டி அறிவித்தார்: "முகக்காவல் மினுக்கிக்கேதான்! ஒரு கோடு தெரிஞ்சா தண்ணி குடிங்க. ரெண்டாவது கோடு விழுந்தா ஓடுங்க. பின்பக்கம் தெரிஞ்சா பறந்துடுங்க!"

கெட்ட தூக்கம் போட்ட கோட்டை நல்ல தூக்கத்தால்தான் அழிக்க முடியும். பூசி மறைக்கப் போனால், வேண்டிய நேரத்தில் சொந்த முகமே நமக்கு உதவாமல் போய்விடும்.