மேல்பக்கத்து மண்

நீலகிரி கோல்ஃப் கிளப் ஒன்றில் கோப்பை ஆட்டம். கிளப் தலைவர் தணிகாசலம் அடித்த பந்து மணல்குழிக்கு மேலே, சரிவான புல்லில் நின்றது. அங்கிருந்து அடிப்பது லேசில்லை. விழுந்த வேகத்தில் புதைந்த பந்தென்றால் எடுத்துத் துடைத்து, பக்கத்தில் போட்டு ஆடலாம். தலைவர் முந்திக்கொண்டு ஓடினார். மற்றவர்கள் வருவதற்குள் பந்து பாதி புதைந்திருந்தது.

"விழுந்த வேகத்துல புதைஞ்சிருச்சு. நீதான் சாட்சி. எடுத்துத் துடைடா!" என்றார், பை தூக்கிவந்த ஜோகியிடம்.

மறுத்தால் வேலை போய்விடும். ஜோகி பந்தை எடுத்து அடிப்பக்கத்தை மட்டும் நிதானமாகத் துடைத்தான்.

"அடிப்பக்க மண்ணு விழுந்தப்ப ஒட்டுனதுங்க ஐயா. மேல்பக்க மண்ணு எப்ப ஒட்டுச்சுன்னு சொன்னீங்கன்னா, அதையும் துடைச்சிடுவேன்."

எல்லோரும் தலைவரின் ஷூவைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார்.

"இருந்த இடத்துலயே வை."

"புதைக்காமத்தானேங்க, ஐயா?" என்றான் ஜோகி.