அறுபத்து நான்கு கூடுகள்

பயமே இல்லாத ஒரு துறவி ஆற்றுத் திட்டில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, சடையப்பர் மூன்று நாள் நடந்து வந்தார். அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. துறவி செங்கமலத்துக்கு நாற்பதுதான் இருக்கும். அதனால் என்ன, குரு குருதான்.

சடையப்பர் ஊர் ஊராக உப்பு விற்றவர். ஒரு மழைக்காலத்தில் வீட்டுச் சுவர் இடிந்து விழுந்து அவர் மனைவி இறந்துபோனாள். அன்றிலிருந்து எதைக் கண்டாலும் பயம். படுக்கும் முன் நாலு சுவரையும் தட்டிப் பார்ப்பார். ஆற்றங்கரைக் கல்மண்டபத்தில் தங்கிக்கொள்ளச் சொன்னபோது, அதன் பதினாறு தூண்களையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மூட்டையை இறக்கினார்.

மண்டபத்துக்கும் திட்டுக்கும் நடுவே முழங்கால் ஆழத் தண்ணீர். நாற்பத்திரண்டு எட்டு தூரம். பக்கத்திலேயே ஆழமான மடு. மடுவில், சுற்றிலும் தண்ணீர் சூழ, ஒரு மருதமரம் சாய்ந்து நின்றது. மரம் முழுக்க வெண்கொக்குகள் கூடு கட்டியிருந்தன. மரத்தடித் தண்ணீரில் ஒரு முதலை கிடந்தது.

தினமும் காலையில் செங்கமலம் கரைக்கு வந்து அவரைத் திட்டுக்குக் கூட்டிப் போவாள், மாலையில் திரும்பக் கொண்டுவந்து விடுவாள். இறங்கும் முன் தண்ணீரையே பார்த்தபடி கொஞ்ச நேரம் நிற்பாள். பிரார்த்தனை என்று சடையப்பர் நினைத்துக்கொண்டார். பிறகு அவள் விறுவிறுவென்று நடப்பாள். இவர் எட்டுகளை எண்ணிக்கொண்டே பின்னால் போவார். நாற்பத்திரண்டு வந்த பிறகுதான் மூச்சு வரும்.

"அம்மா, பயத்தை எப்படி விடுறது?" என்று முதல் நாளே கேட்டார்.

"கூட்டை எண்ணுங்க," என்றாள்.

எண்ணினார். ஒரு மாதமாக எண்ணிக்கொண்டிருந்தார்.

தை மாதம் பத்தாம் நாள் அதைப் பார்த்தார்.

கூடு கட்டும் காலம். சுள்ளிக்குப் பஞ்சம். கொக்குகள் ஒன்றின் வாயிலிருந்து ஒன்று பிடுங்கிச் சண்டை போட்டன. மரத்தடியில் இரண்டு சுள்ளிகள் மிதந்தன. ஒரு கொக்கு இறங்கி வந்து, ஒன்றைக் கவ்வக் குனிந்தது. சுள்ளிக்கு அடியில் தண்ணீர் பிளந்தது. அவ்வளவுதான். கொக்கைக் காணோம்.

கொஞ்ச நேரத்தில் முதலை மறுபடியும் மேலே வந்தது. மிதந்த சுள்ளிகளுக்கு அடியில் மூக்கை மெல்லக் கொடுத்தது. அவற்றைத் தலைமேல் ஏந்திக்கொண்டு அசையாமல் கிடந்தது.

சடையப்பர் இதுவரை அதன் பல்லுக்குப் பயந்திருந்தார். இப்போது அதன் யோசனைக்கும் பயந்தார். அன்று மாலையே பக்கத்து ஊருக்குப் போய், முதலை பிடிக்கும் மூக்கனைப் பார்த்தார்.

"எவ்வளவு நீளம் இருக்கும்?" என்றான் மூக்கன்.

"ரெண்டு ஆள் நீளம்."

"கிட்டப் போய் அளந்தீரோ?" மூக்கன் சிரித்தான். "சரி, நாளைக்கு உச்சிக்கு வர்றேன். கொக்கியில ஆட்டுத் தலையை மாட்டிப் போட்டா முடிஞ்சது."

மறுநாள் காலை திட்டில் செங்கமலம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சடையப்பர் விஷயத்தைச் சொன்னார். ஒரு நல்ல காரியம் செய்த சந்தோஷம் குரலில் இருந்தது.

அவள் கை நின்றது. பிறகு நடுங்கியது. அந்தக் கை நடுங்கி அவர் பார்த்ததே இல்லை.

"மருதத்துல எத்தனை கூடு?" என்று கேட்டாள்.

"அறுபத்து நாலு."

"எதிர்க்கரை மேட்டுல அந்த இலுப்பை மரம் இருக்கே, அதுல?"

"மாசப் பிறப்பன்னிக்குப் பதினொண்ணு. இப்ப ஒண்ணுமில்ல."

"ஏன்?"

"உடும்பு ஏறிடுச்சும்மா. நானே பார்த்தேன். அப்புறம் ஒரு மரநாய். முட்டையும் போச்சு, குஞ்சும் போச்சு."

"மருதத்துல ஏன் ஏறல?"

"அடியில தண்ணி."

"உடும்புக்கு நீந்தத் தெரியாதா?"

"தெரியும்..." சடையப்பர் மருதமரத்தைத் திரும்பிப் பார்த்தார். "முதலை கிடக்குது."

"ம்."

"ஆனா மருதத்துலேர்ந்தும் விழுதும்மா. இந்த மாசம் மூணு குஞ்சு விழுந்தது. நேத்து ஒரு பெரிய கொக்கையே முதலை கவ்விடுச்சு. கணக்கு வெச்சிருக்கேன்."

"கொக்கும் வெச்சிருக்கும்."

காற்று வீசியது. மரத்தில் கொக்குகள் இறக்கையை விரித்துச் சமாளித்தன. ஒவ்வொன்றும் கிளையை இறுகப் பிடித்திருப்பதை அவர் அன்றுதான் கவனித்தார்.

"அப்போ அதுங்களுக்கும் பயம்தானா?"

"பயம் இல்லாட்டி, வசதியா இலுப்பை மரத்துல கட்டியிருக்கும்."

சடையப்பர் தலையை ஆட்டினார். கொக்கின் நியாயம் புரிந்தது. ஆனால் நடுங்கிய கைதான் புரியவில்லை.

"கொக்கு சரி. உங்களுக்கு என்னம்மா? முதலை போனா உங்களுக்கும் நிம்மதிதானே? தினம் இறங்கும்போது பிரார்த்தனை பண்ண வேண்டியதில்ல."

"பிரார்த்தனையா?" அவள் லேசாகச் சிரித்தாள். "அது எங்க கிடக்குதுன்னு தேடுவேன்."

"அப்போ உங்களுக்கும்..." சடையப்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்களுக்குப் பயமே கிடையாதுன்னு ஊரெல்லாம் சொல்றாங்களே!"

செங்கமலம் ஆய்ந்த கீரையை முறத்தில் போட்டாள். அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"பயம் இல்லாதவளா இருந்தா நான் ஊருக்குள்ளயே இருந்திருப்பேன், சடையப்பரே. நாலு ஊர்ல குடிசை போட்டேன். நாலு ஊர்லயும் ராத்திரியில வந்து கதவைத் தட்டினாங்க. இங்க வந்து பன்னெண்டு வருஷம் ஆகுது. ஒருத்தன் தட்டல."

சடையப்பர் எழுந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, மூக்கன் கிளம்பியிருப்பான்; வழியிலேயே தடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதலை எங்கே கிடக்கிறது என்று தேடிப் பார்த்துவிட்டு, தனியாகத் தண்ணீரில் இறங்கினார்.