நான்காவது தட்டு

சீடருக்கு குருவைவிடப் பன்னிரண்டு வயது அதிகம். தொலைக்காட்சிக்காரர்கள் வயதா பார்க்கிறார்கள்? போன சீசனில் ஜெயித்தவர் குரு, இந்த சீசனில் நிற்பவர் சீடர். 'கரண்டி யுத்தம்' நிகழ்ச்சியின் விதி அப்படி.

குருவின் பெயர் கமருன்னிசா. சீடர் இருதயராஜ், தூத்துக்குடிக்காரர். பெரிய ஓட்டல் ஒன்றில் இருபது வருடமாக இரண்டாம் செஃப். அவர் சமைத்ததை ஊரே சாப்பிட்டிருக்கிறது, அவர் பெயர்தான் ஒருவருக்கும் தெரியாது. ஜெயிக்கிறவர் பெயரில் சென்னையில் ஓர் உணவகம் திறந்து தருவதாக அறிவித்திருந்தார்கள். வாசல் பலகையில் தன் பெயர் விளக்குப் போட்டு மின்னுவதை அவர் கனவில் பல தடவை பார்த்துவிட்டார்.

ஒவ்வொரு சுற்றிலும் நான்கு தட்டு வைக்க வேண்டும். மூன்று நடுவர்களுக்கு மூன்று. நான்காவது கேமராவுக்கு. அதைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துவிட்டு ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். அப்புறம் யாரும் அதைத் தொடுவதில்லை.

கமருன்னிசா அதைத்தான் எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிடுவார்.

இருதயராஜ் சீசன் முழுக்க வெளுத்து வாங்கினார். நடுவர்கள் ஒரு கரண்டி வாயில் வைப்பார்கள், மூன்று பேருக்கும் புருவம் ஏறும். "அடேங்கப்பா" என்பார்கள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மார்க் போடுவார்கள். மார்க் பலகையில் அவர் பெயர் மேலேயே நின்றது. எல்லாம் சரி, நான்காவது தட்டு மட்டும் ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றது.

"பிடிக்கலையா செஃப்?"

"பிடிச்சிருக்குண்ணே."

"அப்ப ஏன் மிச்சம் வைக்கிறீங்க?"

"போதும்னு தோணிச்சு."

இதே கேள்வி, இதே பதில். அவருக்கு உள்ளூர எரிச்சல்தான். நடுவர்களுக்குப் பிடிக்கிறது, ஊருக்குப் பிடிக்கிறது, இந்த அம்மாவுக்கு என்ன வந்தது?

இறுதிச் சுற்றுக்கு முந்தைய நாள் கேட்டார்.

"நாளைக்கு என்ன பண்ணினா ஜெயிக்கலாம் செஃப்?"

"அரையிறுதியில நண்டு பண்ணுனீங்களே, அதுல ஒரு தட்டு பண்ணுங்க."

அரையிறுதியை அள்ளிய நண்டு மிளகுப் பிரட்டல் அது. இருதயராஜ் குஷியாகிவிட்டார். மளமளவென்று செய்து, ஒரு கரண்டி வாயில் வைத்துப் பார்த்து, தட்டை அவர் முன்னால் நீட்டினார்.

கமருன்னிசா தட்டை அவர் பக்கமே தள்ளினார்.

"நீங்க சாப்பிடுங்க."

"ருசி பாத்துட்டேனே."

"ருசி பாக்கச் சொல்லல. உக்காந்து சாப்பிடுங்க."

இருதயராஜுக்குச் சிரிப்பு வந்தது. ஓட்டல் சமையலறையில் யார் தன் சமையலை உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்? நாளெல்லாம் கரண்டி கரண்டியாக நக்கிப் பார்ப்பார்கள். பசி வந்தால் நின்றபடியே தயிர்ச்சோறு. இருபது வருடமாக அவரும் அப்படித்தான்.

உட்கார்ந்தார். முதல் வாய்க்குத் தன்னையே மெச்சிக்கொண்டார். இரண்டாவது வாயும் பிரமாதம். நான்கைந்து வாய்க்குப் பிறகு தண்ணீரைத் தேடினார். மிளகு தொண்டையில் நின்றது, நெய் நெஞ்சில் நின்றது. பாதித் தட்டில் கை தானாக நின்றுவிட்டது.

மிச்சமிருந்த பாதியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கமருன்னிசா எழுந்து போனார்.

மறுநாள் அரங்கம் கொள்ளாத கூட்டம். எதிர் மேசைக்காரர் வாணலியைச் சாய்த்தார், தீ ஆளுயரத்துக்கு எழும்பியது, விசில் பறந்தது. இருதயராஜின் அடுப்பில் தேங்காய்ப்பாலில் மாங்காய் போட்ட மீன் சொதி சத்தமில்லாமல் கொதித்தது. பக்கத்தில் சோறு, சுட்ட மிளகாய்த் துவையல். அவ்வளவுதான்.

கடைசிப் பத்து நிமிடம். ஒரு நடுவர் அடுப்பருகே வந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். புருவம் ஏறவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஃபைனலுக்கு இது போதுமா?"

அவர் போனதும் இருதயராஜின் கை மிளகுப்பொடி டப்பாவுக்குப் போனது. சீசன் முழுக்க அவரைக் காப்பாற்றிய டப்பா. ஒரு சிட்டிகை போதும், கொஞ்சம் நெய்யும் விட்டால் புருவங்கள் ஏறிவிடும். மூடியைத் திறந்துவிட்டார். வாசல் பலகையில் தன் பெயர் ஒரு கணம் மின்னி அணைந்தது.

நிமிர்ந்து மேலே பார்த்தார். மாடத்தில் கமருன்னிசா உட்கார்ந்திருந்தார். குருமார்கள் அங்கிருந்து ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சாப்பாட்டுக்கு உட்காருகிறவர் மாதிரி பாட்டில் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தார். கம்பளம் நனைகிறது என்று யாரோ ஓடி வந்து சத்தம் போட்டார்.

இருதயராஜ் டப்பாவை மூடினார்.

மணி அடித்தது. தட்டுகள் போயின. முதல் கரண்டிக்கு மூன்று முகங்களிலும் ஓர் அசைவும் இல்லை. எப்போதும் அதோடு தட்டைத் தள்ளிவிடுவார்கள். அன்றைக்கு முதல் நடுவர் இரண்டாவது கரண்டி எடுத்தார். அடுத்தவர் கரண்டியை வைத்துவிட்டுக் கையால் பிசைந்தார். மூன்றாமவரின் தட்டை எடுக்க உதவியாளர் குனிந்தபோது அவர் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இருப்பா."

இதெல்லாம் இருதயராஜின் கண்ணில் படவேயில்லை. நடுவர்களின் புருவங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவர்கள் பேசி முடிவெடுக்க உள்ளே போனதும் அவர் மேடைக்குப் பின்னால் ஓடினார். அங்கே பாத்திரம் வைக்கும் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் கமருன்னிசா உட்கார்ந்திருந்தார். மடியில் நான்காவது தட்டு.

"ஒருத்தருக்கும் புருவம் ஏறல செஃப். போச்சா?"

அவர் வாயில் சோறு இருந்தது.

மேடையில் இருவர் பெயரையும் கூப்பிட்டார்கள். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

"கூப்பிடுறாங்க செஃப், சீக்கிரம் சொல்லுங்க. நான் ஜெயிச்சிருவேனா?"

கமருன்னிசா விரலை வழித்து நக்கினார். வெறும் தட்டை அவரிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் சோறு இருக்காண்ணே?"