காற்று வாங்கப் போன ட்ரெட்மில்

கொக்கராயன்பட்டியில் மூளைக்குப் பஞ்சமில்லை. யாரும் எடுத்துச் செலவழிக்காததால் எல்லாம் புத்தம்புதிதாக அப்படியே இருக்கிறது. அந்த ஊர்ப் பொன்னுரங்கத்துக்குச் சர்க்கரை ஏறிப்போய், "இப்படியே விட்டா ஊசிதான்" என்று டாக்டரம்மா சொன்னதும் மனுஷர் வெளிறிப்போனார். சட்டைக்குப் பித்தான் தைப்பதைக்கூட அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார்.

"தினமும் ஜிம்முக்குப் போறேனே, டாக்டரம்மா!"

"நாலு சுவத்துக்குள்ளயே கிடக்காதீங்க. ட்ரெட்மில்லுல நடக்கறதை ஏரிக்கரையில நடங்க. நல்லாக் காத்து வாங்குங்க."

ஜிம் வைத்திருந்த செங்கோடனும், அங்கே ஃபேனுக்கடியில் உட்காருவதற்காகவே வரும் அம்மாசியும் பொன்னுரங்கம் வந்து சொன்னதைக் கேட்டு ஆழ்ந்து யோசித்தார்கள்.

"ட்ரெட்மில்லுல நடக்கறதை ஏரிக்கரையில நடக்கணும்னா, ட்ரெட்மில் ஏரிக்கரையில இருக்கணும்" என்றார் செங்கோடன்.

அம்மாசி சைக்கிள் கடைக்கு ஓடி, ஊதின லாரி ட்யூப் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார். "நல்ல காத்துதான். அமுக்கிப் பார்த்துத்தான் வாங்கினேன்."

விடிந்ததும் மூவரும் மெஷினைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க ஏரிக்கரை போய்ச் சேர்ந்தார்கள். பொன்னுரங்கம் ஏறி நின்றார். பெல்ட் அசையவில்லை. செங்கோடன் ஒயரும் கையுமாகப் பனைமரத்தைச் சுற்றி வந்தார்.

"இந்த மரத்துல பிளக் பாயிண்ட் இல்லையே!"

"அடுத்த மரத்துல பாரு."

கரையில் இருந்த மரங்களையெல்லாம் பார்ப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. மறுபடி தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். மறுநாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும் அதே. இப்படியே மூன்று மாதம் ஓடியது.

"சும்மா நடந்தா என்னய்யா?" என்று எதிரில் வந்தவர் கேட்டார்.

"இதைத் தூக்கிட்டுப் போய்ட்டு வரவே பொழுது சரியாப் போகுது. நடக்க எங்க நேரம்?" என்று பொன்னுரங்கம் பெருமூச்சு விட்டார். இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. கவலையிலேயே இளைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு ஆச்சரியம். "சர்க்கரை நல்லா இறங்கியிருக்கு. ஊசி வேண்டாம்."

பொன்னுரங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "பொய் சொல்ல மாட்டேன், டாக்டரம்மா. ஒரு நாள்கூட நடக்கல. மூளை கெட்டவன் நான். மெஷினைத் தூக்கிட்டுப் போய்ட்டு வந்ததோட சரி."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அப்போ அதையே விடாம செய்யுங்க."

வெளியே மெஷினோடு காத்திருந்த இருவரிடமும் பொன்னுரங்கம் சேதி சொன்னார்.

"விடாமன்னா?"

"பிடிச்ச கையை விடக்கூடாது."

மூவரும் தூக்கிக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் அம்மாசிக்கு மூக்கு அரித்தது. சொறியலாமா என்று கேட்க, மூவரும் மெஷினோடு டாக்டரம்மா அறைக்குள் நுழையப் பார்த்து வாசலில் சிக்கிக்கொண்டார்கள்.

"ஐயோ, முதல்ல அதைக் கீழ வைங்க!" என்று அவர் கத்தினார்.

பொன்னுரங்கத்தின் முகம் சுருங்கியது. "நிமிஷத்துக்கு ஒண்ணு சொல்றாங்க. இவங்களை நம்பி உடம்பை ஒப்படைக்க முடியாது. டவுன்ல வேற டாக்டரைப் பார்ப்போம்."

மெஷினை உருவி எடுத்துத் தோளில் ஏற்றிக்கொண்டு ரோட்டில் நடந்தார்கள். டவுன் பஸ் பக்கத்தில் வந்து நின்றது.

"வேண்டாம்பா, நீ போ" என்று பொன்னுரங்கம் மூச்சிரைக்கச் சொன்னார். "புது டாக்டரைப் பார்க்கற வரைக்கும் உடம்பை அலட்டிக்கக் கூடாது."