இழைப்புளி

அந்த ஊர் வருஷத்துக்கு ஒரு முழம் கீழே நகர்ந்துகொண்டிருந்தது. சுவிட்சர்லாந்தின் கிழக்கு மலையில், ரோமான்ஷ் மொழி பேசுகிற எண்பது பேர் இருந்த ஊர். ஊரே நகர்கிறது, ஊர்க்காரர்கள்தான் நகர மாட்டேன் என்கிறார்கள் என்று அடிவாரத்து ஆட்கள் கேலி செய்வார்கள். கேலி செய்கிறவர்களுக்கு என்ன, அவர்கள் வீட்டுக் கதவு ஒழுங்காகச் சாத்துகிறது.

இங்கே அப்படி இல்லை. நிலம் நகர நகர நிலை சாயும், கதவு சிக்கும். வசந்தம் வந்தால் வீட்டுக்கு வீடு கதவைக் கழற்றி இழைப்பார்கள். இழைத்து இழைத்துச் சில கதவுகள் ஜன்னல் மாதிரி ஆகிவிட்டன.

ஊர்த்தலைவர் ஃப்ளுரினுக்கு அந்த வேலை இல்லை. அவர் வீடு ஓடைக்கு அந்தப் பக்கம், கெட்டிப் பாறைமேல் இருந்தது. ஆனால் மேலே தொங்குகிற பாறை விழுந்தால் இரண்டு பக்கமும்தான் போகும்.

அன்று காலையில் மூன்றாவது முறையாக ஆணை வந்தது. ஜெர்மன் மொழியில் ஒரு தாள். மாலை ஆறு மணிக்குள் ஊரைக் காலி செய்ய வேண்டும். அதை வீடு வீடாகப் போய் ரோமான்ஷில் சொல்வது தலைவரின் பாடு.

முதல் முறை ஒன்பது வாரம் வெளியே இருந்தார்கள், பாறை விழவில்லை. இரண்டாவது முறை நான்கு நாள், அப்போதும் விழவில்லை. ஃப்ளுரின் அலுத்துப்போயிருந்தார். நல்ல தூக்கம் தூங்கி எத்தனை வாரம் ஆயிற்று என்று அவருக்கே தெரியாது.

எல்லா வீட்டிலும் முணுமுணுத்துக்கொண்டே மூட்டை கட்டினார்கள். ஒரு வீட்டில் மட்டும் கட்டுவதாகத் தெரியவில்லை. அது அவருடைய அக்கா பர்லாவின் வீடு.

அவர் நேசாவிடம் போனார்.

நேசாவுக்கு நாற்பத்திரண்டு வயது. பன்னிரண்டு வருஷம் மடத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவள். அறுபத்தாறு வயது ஃப்ளுரின் ஞாயிறுதோறும் அவளிடம் போய் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வருவார். நரைத்த சீடன் என்று ஊர் சிரிக்கும். அவர் கண்டுகொண்டதில்லை.

நேசா வாசலில் தன் வீட்டுக் கதவைக் கழற்றிப் போட்டு இழைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா வரமாட்டேங்கிறா," என்றார் ஃப்ளுரின். "பாறை விழும்னு நம்பவே மாட்டேங்கிறா."

"அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க."

பிடித்தார்.

"இந்தத் தடவை பாறை கட்டாயம் விழும், மலையை அளக்கிறவங்க எல்லாரும் சொல்லிட்டாங்கன்னு ஒரு பொய் சொல்லிடவா? விழுமா விழாதான்னு யாருக்கும் தெரியாது. ஆனா அப்படிச் சொன்னா வருவா. சொல்லலாமா?"

நேசா இழைப்பை நிறுத்தவில்லை. கதவை நிலையில் மாட்டினாள், சாத்திப் பார்த்தாள், திறந்தாள். பிறகு இழைப்புளியை அவரிடம் நீட்டினாள்.

"உங்க அக்கா வீட்டுக் கதவு எப்படி இருக்கு?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"பார்த்துட்டு வாங்க."

ஃப்ளுரினுக்கு எரிச்சல் வந்தது. "ஆறு மணிக்கு ஊரே காலியாகணும். நான் ஒண்ணு கேட்டா நீங்க இழைப்புளியைக் கொடுக்கிறீங்க."

நேசா உள்ளே போய்த் தன் பையைக் கட்ட ஆரம்பித்தாள்.

பர்லா அடுப்பருகே உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா, பேப்பரைத் தூக்கிக்கிட்டு?" என்றவள், தம்பியின் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினாள்.

ஃப்ளுரின் கதவைத் தள்ளிப் பார்த்தார். பாதி வழியில் தரையைக் கவ்விக்கொண்டு நின்றது. நிலைக்கும் கதவுக்கும் நடுவே அவர் தலை நுழைகிற இடைவெளி.

"எத்தனை நாளா இப்படி?"

"அவர் போனதிலிருந்து. அவர்தானே இழைப்பார்."

பர்லாவின் கணவர் செத்து மூன்று வருஷம். ஃப்ளுரின் கதவைக் கழற்றினார். பழக்கமில்லாத கை. முதல் இழைப்பிலேயே விரல் தோல் போயிற்று.

"மொதல் தடவை போனப்பவே சொன்னேன்," என்றாள் பர்லா. "கதவு சாத்தலைடான்னு. ஞாபகம் இருக்கா?"

"இல்லை."

"கிடக்கட்டும் வா அக்கா, இங்க யார் வந்து திருடப்போறான்னு நீதான் சொன்னே. ஒன்பது வாரம் கழிச்சு வந்தேன். அம்மா படுத்த கட்டில்ல நரி குட்டி போட்டிருந்துச்சு."

இழைப்புளி நின்றது.

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"நீ மலையைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தே." அவள் ஒரு கிழங்கைப் பாத்திரத்தில் போட்டாள். "ரெண்டாவது தடவை அடிவாரத்துல தங்கவெச்ச பள்ளிக்கூடத்து ஹால்ல நாலு ராத்திரியும் கண்ணு மூடலை. வீட்டுக்குள்ளே இருந்தா கதவுக்கு விறகுப் பெட்டியை முட்டுக் கொடுத்துப் படுத்துக்குவேன். வெளியே போனா யார் முட்டுக் கொடுப்பா?"

ஃப்ளுரினுக்கு வெட்கமாக இருந்தது. அக்காவின் முகத்தைப் பார்க்காமல் இழைத்தார். இரண்டு முறை மாட்டிப் பார்த்தும் சிக்கியது. மூன்றாவது முறை கதவு சத்தமில்லாமல் போய் நிலையில் உட்கார்ந்தது.

பர்லா எழுந்து வந்தாள். தானே ஒருதரம் சாத்தினாள், திறந்தாள். கட்டிலுக்கடியில் இருந்து ஒரு பெட்டியை இழுத்தாள். அது முன்னமே கட்டித் தயாராக இருந்தது. சீவிய கிழங்கை ஒரு துணியில் முடிந்துகொண்டாள். கதவைச் சாத்திப் பூட்டினாள், சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள், திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

ஐந்தே முக்காலுக்கு ஊர்முனையில் கடைசிப் பேருந்து நின்றிருந்தது. பர்லா ஜன்னலோரம் உட்கார்ந்ததுமே கண் அயர்ந்துவிட்டாள். நேசா படியருகே நின்றிருந்தாள்.

"பொய் சொன்னீங்களா?" என்றாள்.

"தேவைப்படலை. அக்கா மலையைப் பத்திக் கேட்கவே இல்லை."

இருவரும் மேலே பார்த்தார்கள். பாறை காலையில் இருந்த இடத்திலேயே இருந்தது.

"விழுந்துட்டா கதவும் போச்சு," என்றார் ஃப்ளுரின். "விழலைன்னா திரும்பி வருவோம். நிலம் நகரும், கதவு மறுபடி சிக்கும். மறுபடி ஒரு தாள் வரும், மறுபடி நான் வீடு வீடா ஏறணும். எனக்கு முடியலை நேசா. நாலாவது தடவைக்கு நான் என்ன பண்ணட்டும்?"

சொல்லிக்கொண்டே இழைப்புளியை அவளிடம் நீட்டினார். அதன் வாயில் அக்கா வீட்டுக் கதவின் சீவல் இன்னும் சுருண்டிருந்தது.

நேசா அதை வாங்கவில்லை.

"உங்ககிட்டயே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினாள்.