சேற்றுக்கு வைத்த விருந்து

தவசிமுத்து பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகு, கடலடிச் சேற்றில் எங்கே எந்தப் பூஞ்சை வாழ்கிறது என்று முனைவர் பட்டத்துக்கு ஆராய வந்தார். அவருக்கு வழிகாட்டி நூர்ஜமீலா, அவரைவிட மிகவும் இளையவர். அவர் இவரை ‘சார்’ என்பார். இவர் அவரை ‘மேடம்’ என்பார்.

ஒரு நாள் காலை தவசிமுத்து முகம் வாடி ஆய்வகத்துக்குள் வந்தார்.

“மேடம், கரையோரச் சேற்றை வளர்ப்புத் தட்டில் இட்டால் பச்சையும் கறுப்புமாய்ப் பூத்துத் தள்ளுகிறது. கழிமுகத்துச் சேறும் அப்படித்தான். ஆழத்துச் சேற்றில் மட்டும் ஒன்றுமே முளைக்கவில்லை. ‘ஆழத்தில் பூஞ்சை இல்லை’ என்று எழுதி முடித்துவிடவா?”

“என்ன ஊட்டம் போட்டீர்கள்?”

“உருளைக்கிழங்குச் சாறும் சர்க்கரையும். எல்லாத் தட்டுக்கும் ஒரே அளவு. பாரபட்சமே காட்டவில்லை.”

“எங்கே வைத்தீர்கள்?”

“இதே அறையில்தான்.”

அறை புழுங்கிக்கொண்டிருந்தது. நூர்ஜமீலா எழுந்து, மிச்சச் சேற்றைக் கேட்டுக் கையை நீட்டினார். ஆழத்துச் சேற்றில் ஒரே ஒரு குழாய்தான் மிச்சம் இருந்தது.

தவசிமுத்து தயங்கினார். “இது போனால் வேறு கிடையாது மேடம். சேற்றை எடுத்து வந்த கப்பல் இனி அந்தப் பக்கம் போகாது. தேர்வாளர் கேட்டால் காட்டவாவது இருக்கட்டுமே.”

“காட்டி என்ன செய்வது? கொடுங்கள் சார்.”

கொடுத்தார்.

நூர்ஜமீலா கடல்நீரில், அதை உறைய வைக்கும் அகர் தூளை மட்டும் போட்டுக் காய்ச்சித் தட்டுகளில் ஊற்றினார். ஆறியதும் சேற்றைத் தடவிக் குளிர்பெட்டியில் வைத்தார். பக்கத்தில், ஒப்பிட்டுப் பார்க்க, சேறு தடவாத தட்டு ஒன்றையும் வைத்தார்.

“சாப்பாடு எதுவும் போடவில்லையே மேடம்?”

“கடலுக்கு அடியில் யார் போட்டார்கள்?”

“எப்போது முளைக்கும்? பல்கலைக்கழகம் கெடு வைத்திருக்கிறது. எனக்கும் வயதாகிறது.”

“கெடு நமக்குத்தான் சார், பூஞ்சைக்கு இல்லை.”

தவசிமுத்து தினமும் திறந்து பார்த்தார். வெறும் தட்டு. மழைக்காலம் வந்தது. கெடுவை நீட்டிக்கச் சொல்லி விண்ணப்பம் போட்டார். பிறகு பெட்டியைத் திறப்பதையே விட்டுவிட்டார். வீட்டில் யாராவது ஆராய்ச்சி பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றினார்.

மழை ஓய்ந்த ஒரு மதியம், வேறெதையோ எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தட்டில் வெள்ளையாய் ஒரு புள்ளி. அதைச் சுற்றி நூலைவிட மெல்லிய இழைகள். கொஞ்சம் தள்ளி சாம்பல் நிறத்தில் ஒன்று. ஓரத்தில் இளஞ்சிவப்பாய் இன்னொன்று. சேறு தடவாத தட்டு சுத்தமாக இருந்தது.

தட்டை ஏந்திக்கொண்டு நூர்ஜமீலாவின் அறைக்கு ஓடினார்.

“இருக்கிறது மேடம்! மூன்று வகை!”

நூர்ஜமீலா உருப்பெருக்கியில் நெடுநேரம் பார்த்தார். அவர் முகமும் மலர்ந்தது.

“அப்படியென்றால் முதலில் ஏன் முளைக்கவில்லை மேடம்?”

“நீங்கள் வைத்த விருந்தும் அந்த அறைச் சூடும் கரையில் இருப்பவற்றுக்குத்தான், சார்.”

தவசிமுத்து தலையசைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“‘பூஞ்சை இல்லை’ என்று எழுத இருந்ததை விட்டுவிடுகிறேன். ‘ஆழத்தில் இருப்பவை மூன்று’ என்று எழுதட்டுமா?”

நூர்ஜமீலா தட்டை மூடி அவர் கையில் கொடுத்தார்.

“‘நம் தட்டுக்கு வந்தவை மூன்று’ என்று எழுதுங்கள் சார்.”