ஒத்தைக் கை தேடியவர்

"டீச்சர், எனக்கு முன்னால ஒருத்தன் போய்க்கிட்டே இருக்கானுங்க" என்றார் நாச்சிமுத்து.

அமலோற்பவம் நிமிரவில்லை. மேசை மேல் ஒரு கார்புரேட்டர் பிரித்துக் கிடந்தது. அதன் பித்தளைத் துண்டு ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை அடைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க போறான்?"

"நான் போற எடத்துக்கெல்லாம்."

"என்ன தேடுறான்?"

"நான் தேடுறதைத்தான்."

கோயமுத்தூரில் பழைய கார்களைப் பிடித்துக்கொண்டு அலைகிறவர்களுக்கு அமலோற்பவம்தான் குரு. பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பவர். விடுமுறை நாட்களில் அவர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் ஆள் சேரும். நாச்சிமுத்து அவரைவிட ரொம்ப மூத்தவர். நூல் மில்லை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வந்து சேர்ந்த சீடர்.

அவர் "டீச்சர்" என்பார். அமலோற்பவம் "அண்ணா" என்பார்.

நாச்சிமுத்துவிடம் ஒரு மோரிஸ் மைனர் இருந்தது. சிமிட்டும் விளக்குகள் வருவதற்கு முந்தைய வண்டி. இரண்டு பக்கமும் கதவை ஒட்டிய தூணுக்குள் ஒரு சின்னக் கை மடங்கியிருக்கும். சுவிட்சைத் தட்டினால் வெளியே நீளும். அதனுள் ஒரு விளக்கு மஞ்சளாக எரியும்.

இடப்பக்கக் கை ஒழுங்காக நீண்டது. வலப்பக்கத்தில் வெறும் பள்ளம்.

மற்ற வேலையெல்லாம் முடிந்துவிட்டது. பெயிண்ட், சீட், கண்ணாடி, எல்லாம். அந்த ஒரு கைக்காக வண்டி ஷெட்டை விட்டு வெளியே வராமல் நின்றது.

"அந்தக் கை எதுக்குங்ணா?" என்று கேட்டார் அமலோற்பவம்.

"உங்களுக்குத் தெரியாததா டீச்சர்? எந்தப் பக்கம் திரும்பப் போறோம்னு பின்னால வர்றவனுக்குச் சொல்றதுக்கு."

"ஓ" என்றார் அமலோற்பவம்.

பித்தளைத் துண்டை மண்ணெண்ணெயில் போட்டார்.

"ஒருத்தன் போறான்னு எப்படித் தெரியும்?"

"கடைக்காரங்களே சொல்றாங்க. உக்கடம் பழைய சாமான் கடையில கேட்டேன். 'ஏனுங்க, இப்பத்தான் ஒரு ஆளு இதையே கேட்டுப் போட்டுப் போனாரு'ங்கிறான். ஈரோட்டுல கேட்டேன். அங்கேயும் அதே. சென்னை புதுப்பேட்டைக்குப் போன் போட்டா, 'என்னா சார் இது, ஊரே இதைக் கேக்குது'ங்கிறான்."

"வேற யாராச்சும் மோரிஸ்காரர் தேடலாமில்ல?"

"அதுதான் இல்ல. தேடுறவன் ஜோடியாக் கேப்பான். இவன் ஒத்தைக் கைதான் கேக்கறான். என்னையாட்டமே, ஒண்ணே ஒண்ணு. வண்டி பேரைச் சொல்றதில்ல. சொந்தப் பேரைச் சொல்றதில்ல. ஊருக்கு ஒரு கதை சொல்றானாம். என்ன கதைன்னு கேட்டா ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கிறான். கள்ளனுங்க. பச்சைக் கள்ளன்."

"பாவம்" என்றார் அமலோற்பவம்.

"யாரு, நானா?"

"அவருதான். ஒருத்தர்கிட்டயும் நெசத்தைச் சொல்ல முடியாம எப்படிச் சுத்துறாரோ."

நாச்சிமுத்துவுக்கு அது பிடிக்கவில்லை. டீச்சர் ஏன் அவனுக்குப் பரிந்து பேசுகிறார்?

அவர் கண் சுவரோரத்து அலமாரிக்குப் போனது. மூடிய இழுப்பறைகளுக்குப் போனது. ஒரு மூலையில் துணி மூடிக் கிடந்த பெட்டிக்குப் போனது.

அமலோற்பவம் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அலமாரியைத் திறந்தார். இழுப்பறைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தார். பெட்டியின் துணியை எடுத்தார். உள்ளே பழைய ஹாரன்களும் ஒரு பல்லி முட்டையும் இருந்தன.

"நல்லாப் பாத்துக்குங்ணா."

நாச்சிமுத்து பார்த்தார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கடைசி இழுப்பறை வரைக்கும் பார்த்தார்.

"இப்ப டீ குடிக்கலாமா?"

டீயை உறிஞ்சியபடி நாச்சிமுத்து மெதுவாகச் சொன்னார்.

"எனக்கு ஆளு தெரியும் டீச்சர். நம்ம குழந்தைவேலுதான் அவனுக்கு உள்கை."

"உங்க சிநேகிதரா?"

"சிநேகிதன்னு நெனச்சுட்டிருந்தேன்."

குழந்தைவேலுவும் நாச்சிமுத்துவும் மீசை முளைத்த நாளிலிருந்து சேர்ந்து திரிந்தவர்கள். குழந்தைவேலுவிடம் ஒரு ஆஸ்டின். இரண்டு வண்டியும் ஒரே ஷெட்டில்தான் நின்றன. சாவிகூட ஒரே ஆணியில்தான் தொங்கும்.

"போன மாசம் அவன் பரண்ல பாத்தேன் டீச்சர். அதே கை. துணியில சுத்தி வச்சிருந்தான். எடுக்கப் போனா, 'அதைத் தொடாத மாப்ளே, வேற ஒருத்தருக்குச் சொல்லியாச்சு'ங்கிறான். யாருக்குடான்னா, 'சொல்லக் கூடாதாம்'ங்கிறான். எனக்கு வேணும்னு உனக்குத் தெரியாதாடான்னு கேட்டேன். 'தெரியும் மாப்ளே. உனக்கு மெதுவாக் கெடைக்கும். அவசரத்துல இருக்கறவங்க வாங்கிக்கட்டும்'னுட்டான்."

"அப்புறம்?"

"ஷெட்டுல நடுவால தகரம் அடிச்சுட்டேன். என் பக்கத்துக்குத் தனிக் கதவு, தனிப் பூட்டு."

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு?"

"'காத்து வராதே மாப்ளே'ன்னான். அவ்வளவுதான். நடிப்பு."

அமலோற்பவம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீங்க எப்படித் தேடுறீங்க?"

நாச்சிமுத்துவின் முகத்தில் முதல்முறையாக ஒரு மலர்ச்சி வந்தது.

"ஊருக்கு ஒரு ஆளு போட்டிருக்கேன். ஈரோட்டுல ஒருத்தன், மதுரையில ஒருத்தன், பெங்களூர்ல ஒருத்தன். ஒருத்தனுக்கு இன்னொருத்தன் இருக்கறதே தெரியாது. என் பேரு எங்கயும் வரக் கூடாது. ஆளுக்கு ஒரு கதை சொல்லிக் குடுத்திருக்கேன். பொருளு கைக்கு வந்தாத்தான் எனக்குப் போனு. எனக்குத்தான் வேணும்னு தெரிஞ்சா ஏறி உக்காந்துக்குவாங்க, இல்லீங்களா?"

"என்ன கதை?"

"அது..." நாச்சிமுத்து தயங்கினார். "தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். வெளிய சொல்றதில்லைன்னு வச்சிருக்கேன்."

அமலோற்பவம் காலி டம்ளர்களை எடுத்து ஒதுக்கி வைத்தார்.

"அந்த ஆளை நேர்ல பாக்கணுமா?"

"பாத்தாத் தீந்துச்சு. அவன் பின்னால குழந்தைவேலு நிக்கறான்னு மட்டும் தெரியட்டும். அன்னிக்கோட அவன் வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன். எழவுக்குக்கூட."

"அப்பக் கூப்பிடுங்க. அவரு தேடுறது உங்ககிட்ட இருக்குன்னு சொல்லுங்க. வருவாரு."

நாச்சிமுத்து அசந்துபோனார். இவ்வளவு தந்திரம் டீச்சருக்குள் இருக்கும் என்று அவர் நினைக்கவேயில்லை.

கிளம்பும்போது அலமாரியை இன்னொரு முறை பார்த்துக்கொண்டார்.

*

அடுத்த சில நாட்கள் நாச்சிமுத்து வேறு ஒரு எண்ணிலிருந்து, குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு, எல்லா ஊர்க் கடைகளுக்கும் பேசினார்.

"ஒத்தைக் கை ஒண்ணு என்கிட்ட இருக்கு. தேடுற ஆளு யாரோ, ஞாயித்துக்கெழமை காலையில பெருந்துறை பைபாஸ் டீக்கடைக்கு வரச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக அங்கே போய், ஒரு மூலையில் செய்தித்தாளை விரித்துப் பிடித்து உட்கார்ந்தார். பக்கத்தைத் திருப்பவேயில்லை. டீக்கடைக்காரர் அவரைச் சந்தேகமாகப் பார்த்தார்.

ஒரு பஸ் நின்றது. இறங்கியவர் அவருடைய மதுரை ஆள்.

நாச்சிமுத்து செய்தித்தாளை முகத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார். என் ஆளையே வளைத்துவிட்டானா?

மதுரைக்காரர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, வருகிற போகிறவர்களை எல்லாம் உற்று உற்றுப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கார் வந்தது. இறங்கியவர் பெங்களூர் ஆள். அவர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து மதுரைக்காரரை முறைத்தார். மதுரைக்காரர் அவரை முறைத்தார்.

இவனுமா?

கடைசியில் மொபட்டில் ஒருவர் வந்தார். ஈரோட்டுத் தரகர் சென்னியப்பன். வந்த வேகத்தில் கேட்டார்: "இங்க கை வச்சிருக்கறது யாருங்க?"

நாச்சிமுத்துவால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. செய்தித்தாளை வீசிவிட்டு எழுந்தார்.

"சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கறீங்களா? சொல்லுங்கடா. எவன் உங்களை இங்க அனுப்புனது?"

மூவரும் திகைத்துப் பார்த்தார்கள்.

"நீங்கதாண்ணே" என்றார் மதுரைக்காரர்.

"நீங்க தானே சார்" என்றார் பெங்களூர்க்காரர்.

சென்னியப்பன் மற்ற இருவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "அட, எனக்கு முன்னால போய்க் கேட்டது நீங்கதானாக்கும்?"

"யோவ், நீதானா அது?" என்றார் மதுரைக்காரர். "ஒன்னால சேலத்துல என்னைய டீ குடிக்கக்கூட விடலையே! அந்தாளுக்கு நீ கூட்டான்னு வெரட்டிட்டாங்கய்யா!"

டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார்.

நாச்சிமுத்து சிரிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். யாரோ ஒருவனுக்காக இத்தனை நாளாக அவர் சேர்த்து வைத்திருந்த கோபம் அத்தனையும் வைக்க இடமில்லாமல் நின்றது.

"அப்ப ஒண்ணுமே கெடைக்கலையா?" என்றார்.

"கெடைச்சுதுங்க" என்றார் சென்னியப்பன்.

"என்ன?"

"போன மாசமே ஒண்ணு கெடைச்சுது. கோயமுத்தூர்லயே ஒருத்தர் வச்சிருக்காரு. ஆஸ்டின் வச்சிருக்கறவரு. நீங்க சொல்லிக் குடுத்த கதையைச் சொன்னேனுங்க. பெரியவர் ஒருத்தர் படுத்த படுக்கையாக் கெடக்கறாரு, கண்ணை மூடறதுக்குள்ள அவரு வண்டியை முழுசாப் பாத்துரோணும்னு ஏங்கறாருன்னு. அந்த மனுசனுக்குக் கண்ணே கலங்கிப் போச்சு. காசே வேண்டாம்னுட்டாரு."

நாச்சிமுத்து மறுபடியும் எழுந்தார்.

"அப்புறம் ஏன்டா வாங்கிட்டு வரல?"

"எப்படீங்க வாங்கறது? அவரே கொண்டுபோய், அவரு கையாலயே மாட்டி விடுவாராம். பெரியவரை ஒரு தடவை பாத்துப் பேசோணுமாம். புது பல்பெல்லாம் போட்டு வச்சிருக்காரு. தெனமும் போன் பண்றாரு, 'பெரியவர் எப்படி இருக்காரு, இன்னிக்கு வரட்டுமா'ன்னு. நான் எங்கீங்க போறது பெரியவருக்கு?"

*

நாச்சிமுத்து நேராக அமலோற்பவத்தின் கொட்டகைக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

கார்புரேட்டர் இப்போது முழுதாகப் பொருந்தியிருந்தது. அமலோற்பவம் கடைசித் திருகை முடுக்கிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா?" என்றார்.

"பாத்தேன்."

"எப்படி இருந்தாரு?"

நாச்சிமுத்து நடந்ததை மட்டும் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் இறங்கியது.

"உங்களுக்கு முன்னமே தெரியுமா டீச்சர்?"

"தெரியாது. சந்தேகந்தான்."

வெளியே யாரோ ஒரு வண்டியைக் கிளப்பிப் பார்த்தார்கள். அது இருமிவிட்டு நின்றது.

"அவன் பல்பு போட்டு வச்சிருக்கானாமுங்க."

"உம்."

"நான் தகரம் அடிச்சேன்."

அமலோற்பவம் திருப்புளியைத் துடைத்து அதன் இடத்தில் மாட்டினார்.

"இப்பவே போறதுதானுங்ணா."

"எப்படீங்க போறது? எல்லாம் நான் கட்டுன கதை. அப்படி ஒரு பெரியவரே இல்லீங்களே."

"இல்லீங்களா?"

நாச்சிமுத்து குனிந்து தன்னையே ஒருமுறை பார்த்துக்கொண்டார். கிளம்பினார்.

வாசல் வரைக்கும் போனவர் நின்று திரும்பினார்.

"டீச்சர், அவன் என்னைப் பாத்ததும் வேற ஒண்ணும் கேக்க மாட்டான். தகரத்தைப் பத்திக்கூடக் கேக்க மாட்டான். நடந்ததைச் சொல்ல ஆரம்பிச்சாலே, 'அதிருக்கட்டும் மாப்ளே, பெரியவர் எப்படி இருக்காரு'ன்னுதான் கேப்பான். அதுக்கு நான் என்னன்னு சொல்றது?"

"எந்திரிச்சு வந்துட்டாருன்னு சொல்லுங்க" என்றார் அமலோற்பவம்.